கேம்களில் சங்கிலிக் கவசம்: எவ்வளவு நிஜம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கைரிம், மைன்கிராஃப்ட், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்று எதை விளையாடினாலும் செயின்மெயில் எனப்படும் சங்கிலிக் கவசம் எங்காவது வந்துவிடும். பெரும்பாலான கேம்களில் அது வெறும் ஓர் எண். தோல் உடுப்பைவிடக் கொஞ்சம் மேல், தகட்டுக் கவசத்தைவிடக் கொஞ்சம் கீழ். எதிரி வெட்டினால் அடியில் இத்தனை சதவீதம் குறையும், மீதி உடம்பில் இறங்கும். ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கும் மேலாகப் போர்வீரர்கள் உயிரை நம்பி ஒப்படைத்த ஒரு பொருள் இப்படிச் சுருங்கிப்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால்தான் இந்தப் பக்கம். இங்கே பெரும்பாலும் பேசப்போவது 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலான மேற்கு ஐரோப்பாவைப் பற்றி. கேம்கள் அதிகம் கடன் வாங்குவது அந்தக் காலத்திடமிருந்துதான்.

முதலில், சங்கிலிக் கவசம் என்பது சரியாக என்ன?

இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த உடுப்பு. ஒவ்வொரு வளையமும் பக்கத்திலுள்ள நான்கு வளையங்களோடு கோத்திருக்கும். வளையத்தின் விட்டம் பெரும்பாலும் 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை. இதன் பலம் முழுவதும் வளையத்தின் வாயை எப்படி மூடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. கம்பியின் இரண்டு முனைகளையும் தட்டையாக அடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளைபோட்டு, ரிவெட் எனப்படும் பொடி ஆணி ஒன்றை அடித்து மூடுவார்கள். பழைய கவசங்களில் ஒரு வரிசை ரிவெட் வளையம், அடுத்த வரிசை வாயே இல்லாத முழு வளையம் என்று மாறி மாறி வரும். பிற்காலத்தில் எல்லா வளையங்களும் ரிவெட் வளையங்களாகவே ஆயின.

முழங்கால்வரை வரும் ஒரு சட்டைக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வளையங்கள் தேவைப்படும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் கெல்ட் இனத்தவரிடம் தொடங்கி, ரோமானியப் படைக்குப் போய், அப்புறம் ஐரோப்பா முழுவதும் பரவியது.

கேமில் வாளால் நான்கு வெட்டு வெட்டினால் செயின்மெயில் போட்டவன் செத்துவிடுகிறான். நிஜத்தில்?

சாகமாட்டான். கேம்கள் மிக மோசமாகத் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு பொருளைக் கத்தி அறுக்க வேண்டுமானால் கத்தியின் விளிம்பு அந்தப் பொருளுக்குள் இறங்க வேண்டும். வளையங்கள் அந்த விளிம்பை உள்ளே விடாது. வெட்டின் விசை பக்கத்து வளையங்களுக்கெல்லாம் பரவிவிடும். ஒன்றிரண்டு வளையம் நசுங்கலாம், அரிதாக ஒன்று அறுந்துபோகலாம். ஆனால் தோள் முதல் இடுப்புவரை குறுக்கே ஓர் இழுப்பு, ரத்தம் பீறிடுகிறது என்ற அந்தக் காட்சி நடக்காது. இன்றும் இறைச்சி வெட்டுபவர்கள் கையில் போடும் கம்பி வளையக் கையுறையும், சுறாக்களுக்கு நடுவே இறங்கும் மூழ்காளர்கள் போடும் வளைய உடுப்பும் இதே விதியை நம்பித்தான் செய்யப்படுகின்றன.

சரி, போர்க்களத்தில் இதற்குச் சாட்சி உண்டா என்றால், நிறையவே உண்டு. 1119 ஆகஸ்டில் நார்மண்டியின் பிரெமூல் என்ற இடத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியும் பிரான்ஸ் மன்னர் ஆறாம் லூயியும் மோதினார்கள். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி எழுதிவைத்த கணக்கு இது: சுமார் 900 குதிரைவீரர்கள் மோதிய அந்தச் சண்டையில் இறந்தவர்கள் 3 பேர். பிடிபட்டவர்கள் 140 பேர். இதற்கு அவரே காரணமும் சொல்கிறார். எல்லோரும் இரும்பால் மூடப்பட்டிருந்தார்கள். அதோடு ஒருவரையொருவர் கொல்வதைவிடப் பிடிப்பதையே விரும்பினார்கள். பிடிபட்ட பிரபுவை விடுவிக்க அவர் குடும்பம் பணம் கொடுக்குமே!

எந்தக் கேமிலாவது 900 பேர் மோதி 3 பேர் மட்டும் செத்து நான் பார்த்ததில்லை.

வெட்டு சரி, குத்து?

குத்து வேறு கதை. விசை முழுவதும் ஒரே முனையில் குவிவதால் முனை ஒரு வளையத்துக்குள் நுழைந்து அதை உடைக்கப் பார்க்கும். முனை எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு ஆபத்து. அகலமான முனையுள்ள பழைய வெட்டுவாளால் குத்தினால் பெரும்பாலும் பயனில்லை. ஊசிபோல் கூர்ந்து முடியும் வாள்கள் 14-ஆம் நூற்றாண்டில் பெருகின. கட்டாரிகளும் அப்படியே ஒடுங்கின. வளையத்தை உடைப்பதற்கும், தகடுகளுக்கு நடுவே வெறும் சங்கிலி மட்டும் தெரியும் அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் நுழைப்பதற்கும் அந்த வடிவம்தான் வசதி.

குதிரைமேல் வேகமாக வரும் ஈட்டி இதில் தனி ரகம். குதிரையின் எடையும் ஓட்டமும் சேர்ந்து அந்த முனைக்குப் பின்னால் நிற்கின்றன. அதைச் சங்கிலி மட்டும் தாங்கும் என்று யாரும் நம்பவில்லை. கேடயத்தை அவ்வளவு பெரிதாகச் செய்து இடது பக்கத்தை மூடிக்கொண்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அம்பு சங்கிலிக் கவசத்தைத் துளைக்குமா, துளைக்காதா?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் முடிவே இல்லாத சண்டை நடக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நல்ல சாட்சி இருப்பதுதான் காரணம்.

ஒரு பக்கம் எகிப்து, சிரியா சுல்தான் சலாவுதீனின் அரசவையில் இருந்த பஹா அல்-தீன். 1191-இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் சிலுவைப் படை பாலஸ்தீனத்தின் ஏக்கர் நகரிலிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்ததை அவர் நேரில் பார்த்து எழுதினார். காலாள்வீரர்கள் தடித்த கம்பள உடுப்பும் சங்கிலிக் கவசமும் அணிந்திருந்தார்கள். முதுகில் ஒன்று முதல் பத்து அம்புவரை தைத்து நிற்க, அவர்கள் வரிசை கலையாமல் அதே நடையில் போய்க்கொண்டிருந்தார்களாம். எதிரியைப் பற்றி எதிரி எழுதியது. புகழ்ந்துவிட்டுப் போக அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

மறுபக்கம் வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்ற பாதிரியார். 1182-இல் அபர்கவென்னிக் கோட்டைச் சண்டையில் வேல்ஸ் வில்லாளி ஒருவர் விட்ட அம்பு, ஒரு வீரனின் இரும்பு மூடிய தொடையைத் துளைத்து, சேணத்தையும் துளைத்து, குதிரையையே கொன்றுவிட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் அந்த வில்லைப் பார்த்து அந்தக் கால மக்கள் பயந்தது பொய்யில்லை.

என் பார்வையில் இரண்டுமே நடக்கக்கூடியவை. எவ்வளவு தூரம், எந்த வில், எந்த அம்புமுனை, உள்ளே எத்தனை அடுக்குத் துணி என்பதைப் பொறுத்து முடிவு மாறும். குதிரைமேல் இருந்தபடி தூரத்திலிருந்து விடும் லேசான அம்பு தடித்த உடுப்பில் சிக்கி நின்றுவிடும். பத்தடி தூரத்திலிருந்து கனமான வில்லால் விட்ட ஒல்லி முனை அம்பு துளைத்துவிடும். 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கி எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த விற்கள் பெரும்பாலும் 100 பவுண்டுக்கு மேல் இழுவிசை கொண்டவை. ஆனால் அவை 16-ஆம் நூற்றாண்டு விற்கள். அதை எடுத்துக்கொண்டு வந்து 11-ஆம் நூற்றாண்டுக் கவசத்தோடு மோதவிட்டு "பார், துளைத்துவிட்டது" என்று சொல்வது நியாயமில்லை.

கேம்களில் தூரம் கணக்கில் வருவதே அபூர்வம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அம்புக்கு மட்டும் தனியாக ஒரு கவச எண் வைத்திருக்கிறது. 1999-இல் வந்த கேமுக்கு அது நல்ல யோசனை. ஆனால் அதிலும் எதிரியின் மூக்குக்கு நேராக விட்டாலும், எல்லைக்கோட்டில் நின்று விட்டாலும் அடி ஒன்றுதான்.

தண்டாயுதத்தால் அடித்தால்?

சங்கிலிக் கவசம் வளையும் பொருள். வெட்டைத் தடுக்கும், அடியின் விசையைத் தடுக்காது. மேல் தோல் கிழியாமலேயே உள்ளே எலும்பு முறியலாம்.

மேலே சொன்ன பிரெமூல் சண்டையிலேயே இதற்கு உதாரணம் கிடைக்கிறது. வில்லியம் கிறிஸ்பின் என்ற நார்மன் வீரர் மன்னர் ஹென்றியின் தலையில் வாளால் ஓங்கி அடித்தார். ஹன்டிங்டன் ஹென்றி என்ற வரலாற்றாசிரியர் எழுதுவதைப் பாருங்கள்: வாள் சங்கிலித் தலையுறையைத் துளைக்கவில்லை, ஆனால் அடியின் வேகத்தில் அந்த வளையங்களே மன்னரின் தலைக்குள் அழுந்தி ரத்தம் கொட்டியது. மன்னர் பிழைத்தார். சண்டையையும் ஜெயித்தார். கவசம் காப்பாற்றவும் செய்தது, காயமும் பட்டது. இதை ஒரே எண்ணில் எப்படி எழுதுவீர்கள்?

உள்ளே என்ன போட்டுக்கொள்வார்கள்?

கேம்பசன் என்று சொல்லும் மெத்தை அங்கி. பல அடுக்கு லினன் துணியைச் சேர்த்து நெருக்கமாகத் தைத்தது, அல்லது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சோ கம்பளியோ அடைத்துத் தைத்தது. அடியின் விசையை வாங்கிக்கொள்வது இதுதான். வளையத்தைத் துளைத்து வந்த அம்பின் மீதி வேகத்தையும் இதுவே தின்றுவிடும்.

இது வெறும் உள்ளாடை என்று நினைக்க வேண்டாம். 1181-இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி யார் யார் என்ன ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டபோது, வசதி குறைந்த சுதந்திரக் குடிமக்களுக்கு விதித்தது மெத்தை அங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி. அவர்களுக்கு அந்த அங்கிதான் முழுக் கவசமே.

கேம்களில் இந்த அங்கிக்கு நேர்ந்த அநியாயத்தை நினைத்தால் கோபம்தான் வருகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் வில்லாளிகளுக்கு முதலில் மெத்தைக் கவசம், அதைவிட உயர்வாகத் தோல் கவசம், அதற்கும் மேலே வளையக் கவசம் என்று வரிசை வைத்திருக்கிறார்கள். மற்ற பல கேம்களில் அங்கியே கிடையாது. வெறும் மேனியில் சங்கிலியைப் போட்டுக்கொண்டு கதாநாயகன் நடக்கிறான். அப்படிப் போட்டால் ஒரே நாளில் தோள் உரிந்துவிடும்.

யூடியூபில் ஒருவர் செயின்மெயிலைக் கத்தியால் குத்தினார், அப்படியே கிழிந்துபோனதே?

வீடியோவை நிறுத்தி வளையத்தைக் கிட்டத்தில் பாருங்கள். வாய் ரிவெட் செய்யப்பட்டிருக்கிறதா, அல்லது இரண்டு முனையும் சும்மா ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றனவா? அலங்காரத்துக்கும் நாடக உடைக்கும் விற்கும் மலிவான கவசம் இரண்டாவது வகை. குத்தியவுடன் வாய் விரிந்துவிடும். அது கம்பியின் பலத்தைக்கூடச் சோதிப்பதில்லை, வாயைத்தான் சோதிக்கிறது. அடுத்து, கவசம் எதன்மேல் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மரக்கட்டையில் ஆணி அடித்து இறுக்கியிருந்தால் அதற்கு நெகிழ இடமே இல்லை. உள்ளே மெத்தை அங்கி இருக்கிறதா என்பது மூன்றாவது.

இந்த மூன்றும் சரியாக இருக்கும் வீடியோக்களும் உண்டு. அவற்றில் வாள்வெட்டு தோற்பதையும், கனமான வில்லின் அம்பு சில நேரம் துளைப்பதையும் பார்க்கலாம்.

தோல், அதற்கு மேல் சங்கிலி, அதற்கும் மேல் தகடு. இந்த ஏணி எங்கிருந்து வந்தது?

மேசையில் விளையாடும் போர் விளையாட்டுகளிலிருந்து. 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் செய்த இடைக்கால யுத்த விளையாட்டின் பெயரே செயின்மெயில். அதிலிருந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு பிறந்தது. அதில் கவசம் இல்லாதவனுக்கு 9, தோலுக்கு 7, சங்கிலிக்கு 5, தகட்டுக்கு 3 என்று எண் (எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும்). அங்கே அந்த எண் அடிபடும் வாய்ப்பைத்தான் தீர்மானித்தது, அடியின் அளவை அல்ல. பின்னால் வந்த கம்ப்யூட்டர் கேம்கள் பல ஏணியை அப்படியே எடுத்துக்கொண்டு, எண்ணை அடியிலிருந்து கழிக்கும் கணக்காக மாற்றிவிட்டன. ஸ்கைரிமில் கவச எண் எவ்வளவு ஏறினாலும் 80 சதவீதத்துக்கு மேல் அடி குறையாது. ஆக, முழுக் கவசம் போட்டவனைக்கூட நூறு முறை கீறினால் கொன்றுவிடலாம் என்று ஆகிறது.

ஏணியின் இன்னொரு தவறு, சங்கிலியை "நடுத்தர" சரக்கு ஆக்கியது. 11-ஆம் நூற்றாண்டில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அதுதான் உச்சம். ரைன் பகுதி ஃபிராங்குகளின் பழைய சட்டத்தொகுப்பு ஒன்று பொருள்களுக்கு மதிப்புப் போட்டிருக்கிறது. உறையோடு வாள் 7 சாலிடஸ் காசு. சங்கிலிக் கவசம் 12. நல்ல எருது ஒன்று 2. அதாவது ஒரு கவசத்துக்கு ஆறு எருது. 805-இல் ஃபிராங்குகளின் பேரரசர் சார்லமேன் போட்ட ஆணைப்படி, 12 பண்ணை நிலம் வைத்திருப்பவர் மட்டுமே கவசத்தோடு போருக்கு வர வேண்டும். அவ்வளவு சொத்து இல்லாதவரிடம் அதை எதிர்பார்க்கவே இல்லை. கேமிலோ இரண்டாவது ஊருக்குப் போவதற்குள் அதை வாங்கிவிட்டு, மூன்றாவது ஊரில் விற்றுவிடுகிறோம்.

தகட்டுக் கவசம் வந்தபிறகும் சங்கிலி ஒழியவில்லை. தகடு மூடாத மூட்டுகளில், கழுத்தில், அக்குளில் அது தொடர்ந்து இருந்தது. ஒன்று போய் இன்னொன்று வந்தது என்று பார்க்காமல், ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்தது என்று பார்த்தால் இடைக்காலக் கவசம் புரியும்.

இதைப் போட்டுக்கொண்டு ஓட முடியுமா? எடை எவ்வளவு?

முழங்கால்வரை வரும் முழுக்கை சட்டை சுமார் 10 முதல் 15 கிலோ. கச்சையை இறுக்கிக் கட்டினால் எடையில் ஒரு பகுதி இடுப்புக்கு இறங்கிவிடும். இல்லாவிட்டால் முழுவதும் தோளில்தான். ஓடலாம், குனியலாம், குதிரை ஏறலாம். உடம்போடு வளைவதால் அசைவுக்குத் தடை குறைவு. சிரமம் நேரம் போகப் போகத்தான் தெரியும். வெயிலில் இன்னும் மோசம்.

1066 செப்டம்பர் 25-இல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் என்ற இடத்தில் நார்வே மன்னர் ஹாரல்ட் ஹார்ட்ராடாவின் படை தோற்றது. நார்ஸ் மன்னர் வரலாறுகள் சொல்லும் காரணங்களில் ஒன்று, அன்று வெயில் கொளுத்தியதால் வீரர்கள் கவசங்களைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்தது. எதிரி வருவான் என்று அவர்கள் நினைக்கவில்லை. ரிச்சர்டு மன்னரும் 1199-இல் பிரான்ஸின் ஷாலூ கோட்டையைச் சுற்றிப்பார்க்கப் போனபோது கவச உடுப்பு இல்லாமல்தான் போனார். தோளில் குறுக்குவில் அம்பு பட்டு, புண் அழுகி இறந்தார். கேம்களில் கவசம் 24 மணி நேரமும் உடம்பிலேயே ஒட்டியிருக்கிறது. எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்ற அந்தத் தீர்மானம் ஒரு கேமுக்கு எவ்வளவு நல்ல தீனி!

சங்கிலிக் கவசத்தோடு ஒளிந்து போகலாமா?

சலசலக்கும். ஆனால் தகடுகள் மோதும் சத்தம் அளவுக்கு இல்லை. மேலே ஒரு துணி அங்கி போட்டால் இன்னும் குறையும். இரவில் பளபளப்புதான் பெரிய பிரச்சினை.

மைன்கிராஃப்டில் செயின்மெயில் இரும்புக் கவசத்தைவிடக் குறைவு. சரியா?

முழு செட்டுக்குத் தோல் 7, தங்கம் 11, செயின்மெயில் 12, இரும்பு 15, வைரம் 20 புள்ளி. இரும்புத் தகட்டைவிடக் கொஞ்சம் குறைவு என்பது பரவாயில்லை. தோலுக்கு 7 கொடுத்ததுதான் தாராளம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: அதை நாமாகக் கைத்தொழில் மேசையில் செய்ய முடியாமல் வைத்திருந்தார்கள். கிராமத்துக் கவசக் கொல்லரிடம் வாங்க வேண்டும், அல்லது எதிரியிடமிருந்து பறிக்க வேண்டும். இடைக்காலத்திலும் அப்படித்தான் கைமாறியது.

கவசம் கேமில் "தேய்ந்து" உடைந்துவிடுகிறதே?

நிஜத்தில் அது எளிதாக அழியாது. அறுந்த வளையத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று கோத்து ரிவெட் அடித்தால் முடிந்தது. தலைமுறை தாண்டியும் கவசங்கள் பயன்பட்டன. உண்மையான எதிரி துரு. மணல் போட்ட பீப்பாயில் கவசத்தைப் போட்டு உருட்டித் துருவை உரசி எடுப்பார்கள்.

வாளும் வெட்டாது, அம்பும் எப்போதும் துளைக்காது என்றால் மக்கள் எப்படித்தான் செத்தார்கள்?

கவசம் இல்லாத இடத்தில் அடிபட்டுத்தான், பெரும்பாலும்.

1361 ஜூலையில் டென்மார்க் மன்னர் வால்டமர், ஸ்வீடனைச் சேர்ந்த காட்லாந்து தீவின் விஸ்பி நகரைத் தாக்கினார். எதிர்த்து நின்றவர்கள் பெரும்பாலும் ஊர் விவசாயிகள். கிழவர்களும் பையன்களும் அதில் இருந்தார்கள். வெயில் காலம் என்பதால் பிணங்களை உடைகளோடு சேர்த்தே குழிகளில் புதைத்துவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. சங்கிலித் தலையுறைக்குள் இருந்தபடியே மண்டையோடுகள் கிடைத்தன. வெட்டுக்காயங்கள் எங்கே குவிந்திருந்தன தெரியுமா? முழங்காலுக்குக் கீழே. உடம்பைக் கவசம் மூடியிருந்தது, கேடயம் மார்பை மறைத்தது, ஆகவே வாள்கள் காலைத் தேடிப் போயின. கால் போனவன் விழுவான், விழுந்தவன் தலையில் அடுத்த அடி.

1214-இல் பூவீன் போரில் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் பிலிப்பைக் காலாள்வீரர்கள் கொக்கி வைத்த ஈட்டியால் குதிரையிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். தரையில் கிடந்த மன்னரைச் சுற்றி நின்று குத்தியும் கவசம் விடவில்லை. அதற்குள் அவருடைய ஆட்கள் வந்து மீட்டுவிட்டார்கள். அதே போரில் தோற்ற பூலோன் பிரபு ரெனோ விழுந்து கிடந்தபோது, ஒரு பையன் கவசச் சட்டையின் ஓரத்தைத் தூக்கி அடியில் கத்தியை நுழைக்கப் பார்த்தான். கால் கவசம் சட்டையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் இடைவெளியே கிடைக்கவில்லை. பிரபு உயிரோடு பிடிபட்டார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் யோசித்துப் பார்த்தால் கவசச் சண்டை எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். இழுப்பது, தள்ளுவது, கீழே போட்டு அமுக்குவது, இடுக்கைத் தேடுவது. கேமில் மூன்று அடி தூரத்தில் நின்று மாறி மாறி வீசிக்கொண்டிருக்கிறோம்.

எந்த கேம் நிஜத்துக்குக் கிட்டே வருகிறது?

என் ஓட்டு கிங்டம் கம்: டெலிவரன்ஸுக்கு. பிராகாவைச் சேர்ந்த வார்ஹார்ஸ் ஸ்டுடியோஸ் 2018-இல் வெளியிட்டது. கதை நடப்பது 1403-இல், இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவில். மெத்தை அங்கி, அதன்மேல் சங்கிலி, அதன்மேல் தகடு என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டுக்கும் வெட்டு, குத்து, அடி என மூன்று தனி எண்கள். எவ்வளவு சத்தம் வரும், எவ்வளவு கண்ணில் படும் என்பதும் கணக்கில் உண்டு. முழுக் கவச எதிரியை வாளால் வெட்டிக் களைத்துப்போய், அப்புறம் தண்டாயுதத்தைக் கையில் எடுக்கும் அனுபவத்தை எனக்குத் தந்த கேம் அது.

மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட் தோற்றத்தில் பழசு. ஆனால் ஒரு விஷயத்தை அருமையாகப் பிடித்திருக்கிறது. மழுங்கல் ஆயுதத்தால் வீழ்த்தினால் எதிரி சாகமாட்டான், மயங்கி விழுவான். பிடித்துக்கொண்டு போய் மீட்புப்பணம் கேட்கலாம். பிரெமூலில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

மார்டாவ் என்ற கேம் தலை, உடம்பு, கால் என்று தனித்தனியே கவச அளவு வைத்திருப்பது பாராட்ட வேண்டியது. ஆனால் எவ்வளவு கனமான கவசமானாலும் வாள்வெட்டு அதன்மேல் விழ விழ உயிர் குறைந்துகொண்டே போகிறது.

பெண் பாத்திரங்களுக்குத் தரும் குட்டைச் சங்கிலி உடுப்பு?

வயிறும் தொடையும் திறந்திருந்தால் அது கவசமே இல்லை. முழுச் சட்டை யார் உடம்பிலும் தொங்கும். அளவு மட்டும் பார்த்தால் போதும்.

இந்தியாவில் சங்கிலிக் கவசம் இருந்ததா?

இருந்தது. முகலாயர் காலத்தில் வளையங்களுக்கு நடுவே சிறு தகடுகளைக் கோத்த கவசம் பரவலாகப் பயன்பட்டது. மார்புக்குத் தகடு, மூட்டுக்கு வளையம் என்ற நல்ல வடிவம் அது. அதிலேயே மிகப் பெரியது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: யானைக்குச் செய்த தகடும் சங்கிலியும் கலந்த கவசம். சில பகுதிகள் தொலைந்துபோன பிறகும் 118 கிலோ. 1801-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் அப்போதைய சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்றியேட்டா. கவச யானையைக் காட்டும் கேம் செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இவ்வளவு நிஜமாகச் செய்தால் கேம் சலித்துப்போகாதா?

எல்லாம் நிஜமாக இருந்தால் சலிக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வெயிலில் வியர்ப்பதையும் பீப்பாய் உருட்டுவதையும் யாரும் இரண்டு மணி நேரம் விளையாட மாட்டார்கள். ஆனால் ஒரு கவசத்தை எண்ணாக மட்டும் வைத்தால் விளையாடுபவருக்கு ஒரே வழிதான்: இன்னும் வேகமாக, இன்னும் பலமாக அடிப்பது. கவசம் வெட்டை நிறுத்தும் என்று வைத்தால் அவர் யோசிக்க ஆரம்பிப்பார். காலைத் தாக்கவா, தண்டாயுதம் எடுக்கவா, கட்டிப்பிடித்துக் கீழே தள்ளவா, நண்பனைக் கூப்பிடவா, சரணடையச் சொல்லவா? இத்தனை வழிகள் திறக்கின்றன.

நான் ஒரு கேமோ, இருக்கும் கேமை மாற்றியமைக்கும் "மாட்" (mod) ஒன்றோ செய்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

சதவீதக் கழிவை எடுத்துவிட்டு, ஒரு வரம்பு வையுங்கள். வரம்புக்குக் கீழே உள்ள வெட்டு சங்கிலியில் பட்டால் அடி பூஜ்யம்; கொஞ்சம் தடுமாற்றம் மட்டும். குத்துக்கு அந்த வரம்பைப் பாதியாகக் குறையுங்கள். மழுங்கல் அடிக்கு வரம்பே வேண்டாம்; அதை உள்ளே இருக்கும் மெத்தை அங்கி மட்டும் குறைக்கட்டும். அங்கி இல்லாவிட்டால் முழு அடியும் உடம்புக்கு. அம்புக்குத் தூரத்தைப் பொறுத்து விசை குறையட்டும். உடம்பை ஐந்தாறு பகுதிகளாகப் பிரித்து, கவசம் எங்கே இல்லையோ அங்கே படும் வெட்டு நிஜ வெட்டாக இருக்கட்டும். கீழே விழுந்த எதிரிக்கு எழ நேரமாகட்டும், அந்த நேரத்தில் கொல்வதா, பிடிப்பதா என்று விளையாடுபவர் முடிவு செய்யட்டும். பிடித்தால் கொன்றதைவிட அதிகப் பணம் கிடைக்கும்படி வையுங்கள். முதலில் இரண்டு பாத்திரங்களை மட்டும் மோதவிட்டு வரம்பைச் சரிபாருங்கள். படை அளவுக்குப் போவது அதற்கப்புறம்.